கடைசி வாங்குக்கும் சங்கீதம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1972ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பிற் சேர்ந்தோர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவர் ஒருவர்தான். ஆனால் இந்த உரையைச் சேர்ந்து எழுதியவர்கள் பலர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டக்களப்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழியர் தொலைபேசியிற் கூடிக் கூடிப் பேசியதன் சாரம் இது. ஒருவருக்கு விடியற்காலை, இன்னொருவருக்கு நடுச்சாமம். ஆகையால் எங்கே தவறு இருந்தாலும் அது தூக்கக் கலக்கம் என்று மன்னித்துக்கொள்ளுங்கள்.

'பாடசாலையில் இசைக்கல்வியின் பயன்' என்று எங்களுக்குத் தலைப்புத் தரப்பட்டது. இலகுவான தலைப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். நாங்கள் பெற்ற கேடயங்களை எண்ணலாம், தமிழ்த்தினப் போட்டிகளை நினைவுகூரலாம், எங்கள் சங்கீத ரீச்சர்மாரைப் புகழலாம், அமரலாம். இரண்டு கூட்டங்கள் அப்படியே போயின. மூன்றாவது கூட்டத்தில், அதுவரை வாய் திறக்காமல் இருந்த ரொறன்ரோத் தோழி ஒருவர் சொன்னார்: "என்ர பிள்ளையளுக்கு நான் ஒருநாளும் தாலாட்டுப் பாடேல்லை. கசற்றைப் போட்டுவிட்டுத்தான் நித்திரையாக்கினனான். இப்ப பேரப்பிள்ளைக்கும் அப்பிடித்தான்."

ஏன் என்று கேட்டோம். 1972இல் நடந்த ஒன்றை அவர் நினைவூட்டினார். வட்டாரப் போட்டிக்குக் குழுப்பாட்டுப் பயிற்சி. இருபது பேர் வேண்டும். வரிசை நிரம்ப அவரையும் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் நாள் ஆசிரியை அவர் அருகே வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "நீர் வாயை மட்டும் அசையும்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தப் போட்டியில் முதலிடம் எங்களுக்கு. அடுத்த தவணையே அவர் சங்கீதத்தை விட்டுச் சித்திரத்துக்கு மாறிவிட்டார். ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கேடயத்தை நாங்கள் மறந்துவிட்டோம், அவர் அந்த ஒரு வசனத்தை மறக்கவில்லை.

அன்று சிரித்தவர்கள் நாங்கள் என்பதால், இன்று இந்த உரையை வேறு விதமாக எழுத வேண்டியதாயிற்று.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அவர் நல்லவர், நல்ல குரல் உடையவர். அவரிடம் கேட்கப்பட்டது கேடயம். அதை அவர் கொண்டுவந்து கொடுத்தார். பாடசாலையில் சங்கீதம் யாருக்காக என்ற கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். நாதஸ்வரமும் தவிலும் இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த வித்தைகள். வீட்டுக்கு வாத்தியாரை அழைத்துச் சொல்லிக்கொடுக்கக் காசு வேண்டும், மனமும் வேண்டும். நாலுபேர் முன் பெண்பிள்ளை பாடுவது நல்ல குடும்பத்துக்கு அடுக்குமா என்று கேட்ட காலமும் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்குச் சங்கீதத்தின் வாசலைத் திறந்தது பெண்கள் பள்ளிக்கூடம்தான். சைவப் பாடசாலைகளிலே தேவாரப் பண்கள். மிசன் பாடசாலைகளிலே பியானோவும் பாடகர் குழுவும், கர்நாடக இராகங்களில் அமைந்த தமிழ்க் கீர்த்தனைகளும். 1913இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய சங்கீத அக்கடமி 1960இல் அதே மண்ணில் எழுந்தது. பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபின், காசில்லாத வீட்டுப் பிள்ளையும் சங்கீத ரீச்சர் முன் உட்கார முடிந்தது.

வாசல் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே போனவர்கள் யார்? குரல் உள்ளவர்கள், வீட்டில் வீணை உள்ளவர்கள், மேடைக்கு ஏற்றவர்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் ஒவ்வொன்றாகச் சித்தியடைந்து சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் எங்கள் வகுப்பிலும் ஆறேழு பேர் உண்டு. அவர்களிற் சிலரே இப்போது சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள்: கலியாணத்தோடு வீணை உறைக்குள் போனது, உறையோடு அலுமாரிக்கு மேலே போனது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு இரண்டு கீர்த்தனை பாடியதோடு அந்தப் படிப்பின் பயன் முடிந்துவிட்டது. ஒருவருக்குப் 'பாடாதே' என்றோம். இன்னொருவருக்குப் 'பார்ப்பவர்களுக்காகப் பாடு' என்றோம். இருவருமே பிற்காலத்தில் பாடவில்லை.

இனி நாங்கள் கண்ட மாற்றத்தைச் சொல்ல வேண்டும். 1972இல் நாட்டின் கல்வித் திட்டம் மாறியது இங்குள்ள அக்காமாருக்கு நினைவிருக்கும். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்று ஒரு பரீட்சை வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே அழகியற் கல்வி எல்லோருக்கும் உரிய பாடமாயிற்று. 1975இல் அந்தப் பரீட்சையை முதன்முதலில் எழுதியவர்கள் நாங்கள். பரிசோதனைக் கூடத்து எலிகள் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொண்டோம். 1977க்குப் பின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதிலே குறைகள் பல. ஆனால் ஒரு நன்மையை நாங்கள் அனுபவித்தோம்: தெரிவுசெய்த இருபது பேருக்கு மட்டும் சங்கீதம் சொல்லிக்கொடுக்க முடியாத நிலை ஆசிரியைக்கு வந்தது.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குப் புதிய ஆசிரியை ஒருவர் வந்தார். மருதனார்மடத்திற் படித்து வந்தவர், இளம் வயது. முதல்நாள் யாரையும் பாடச் சொல்லவில்லை. ஆர்மோனியத்தில் ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். முழுப் பாடவேளையும் அதுவே. மறுநாள் வாங்கு வாங்காக வந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லச் சொன்னார். யார் எந்தச் சுருதியிற் கதைக்கிறார்கள் என்று பார்த்தார். ஐந்து கட்டைக்குக் குரல் எட்டாத பிள்ளைக்கு நாலு கட்டைக்கு இறக்கினார். "உம்" என்று முனகச் சொல்லி, அந்த முனகலைச் சட்சத்தோடு சேர்த்துவிட்டு, பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். கடைசி வாங்கில் இருந்த எங்களிற் சிலருக்குத் தங்கள் குரல் சுருதியோடு சேர்ந்து ஒலித்ததை முதன்முதலிற் கேட்டது அன்றுதான். உடம்பு சிலிர்த்ததாக ஒருவர் இன்றும் சொல்கிறார்.

சுருதிப் பேதத்தைக் காதால் உணரவே முடியாதவர்கள் நூற்றில் ஒரு சிலர்தான். மற்றவர்களுக்குத் தேவைப்படுவது தங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியும், திருத்திக் காட்டும் ஒருவரும், கொஞ்சக் காலமும். சைக்கிள் ஓடப் பழகுவது போலத்தான் இதுவும். முதல்நாள் விழுந்த பிள்ளையைப் பார்த்து 'உனக்குச் சைக்கிள் வராது' என்று யாரும் தீர்ப்புச் சொல்வதில்லையே.

அந்த ஆசிரியையிடம் நாங்கள் படித்தது பெரிய சங்கீதம் அல்ல. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, சண்ட வரிசை, ஏழு அலங்காரங்கள், சில கீதங்கள். புரந்தரதாசர் காலத்திலிருந்து எல்லாப் பிள்ளைகளும் படித்து வந்த அரிச்சுவடி. ஆனால் அதற்குள் என்ன இருந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. ஆதி தாளம் எட்டு அட்சரம். நாலும் இரண்டும் இரண்டும். கை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்க, வாய் முதலாம் காலத்தில் ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு என்று சுரங்களைச் சொல்ல வேண்டும். மூன்றாம் காலம் வரும்போது கையும் சேர்ந்து ஓடப் பார்க்கும். ஓடவிடக் கூடாது. நாற்பது பிள்ளைகளும் ஓடாமல் ஒரே இடத்தில் வந்து முடிக்க வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்காமல் அதைச் செய்ய முடியாது. தன் குரலை மட்டும் உயர்த்தினாலும் கெட்டுவிடும், வாயை மூடிக்கொண்டாலும் கெட்டுவிடும். பிழைத்தால் மறுபடி முதலிலிருந்து. பிழைத்ததற்காக யாரும் புள்ளி வெட்டவில்லை.

இந்த இடத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சங்கீதம் படித்தால் கணக்கு வருமா? வரும் என்று சொல்லிவிட்டால் எங்கள் வேலை சுலபமாகிவிடும். ஆனால் உறுதியில்லாததை இந்த மேடையில் சொல்ல மாட்டோம். 1993இல் 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. மோசார்ட்டின் இசையை 10 நிமிடம் கேட்ட பல்கலைக்கழக மாணவர்கள், உருவங்களை மனத்தால் மடித்தும் வெட்டியும் பார்க்கும் ஒருவகைப் புதிர்களிற் கொஞ்சம் கூடுதலாகப் புள்ளி எடுத்தார்கள். அந்தப் பயன் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. குழந்தைகள் யாரும் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் 'இசை கேட்டாற் குழந்தைக்கு மூளை வளரும்' என்று உலகமெங்கும் இசைத்தட்டு விற்றார்கள். கணக்கு வர வேண்டுமானாற் கணக்கைத்தான் படிக்க வேண்டும். சங்கீதத்தை அதன் சொந்தப் பயனுக்காகவே கேட்போம்.

அதேவேளை, சங்கீதம் படித்தால் விஞ்ஞானம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் எங்கள் மண்ணிலேயே பதில் இருக்கிறது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். அந்தக் கணக்கறிவைக் கொண்டே பழந்தமிழர் யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். ஒரே மனிதருக்குள் இரண்டும் சண்டையில்லாமல் இருந்தன. எங்கள் நேரசூசியில் மட்டும் ஏன் சண்டை?

அப்படியானால் சங்கீதத்தின் சொந்தப் பயன் என்ன? எங்கள் வகுப்பிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டதை மறந்தவர் இங்கே இல்லை. எங்கள் தோழி ஒருவர் அப்போது ஆரம்பப் பிரிவு ஆசிரியை. சங்கீத ஆசிரியை அல்லர். போட்டிக் குழுவில் இருந்தவரும் அல்லர். கடைசி வாங்கில் இருந்து நாலு கட்டையிற் பாடியவர். தென்மராட்சியில் ஒரு மரத்தின் கீழ் அவருக்கு வகுப்புத் தரப்பட்டது. புத்தகம் இல்லை, கரும்பலகை இல்லை. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளிற் சிலர் வாய் திறந்து கதைக்கவே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தான் எட்டாம் வகுப்பிற் படித்த ஆதி தாளத்தை நிலத்திலே தட்டத் தொடங்கினாராம். தட்டுவதற்குக் கதைக்கத் தேவையில்லை. இரண்டு நாள் தட்டினார்கள். மூன்றாம் நாள் தட்டோடு எண்ணினார்கள். பிறகு எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் பெயர்களைச் சொன்னார்கள். அதன்பின் ஊஞ்சற் பாட்டும் கும்மியும் வந்தன.

"நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்கிறார் அவர். அந்த 'அவ்வளவு' அவரிடம் இருந்ததற்குக் காரணம், கடைசி வாங்குக்கும் வந்து சுருதி பிடித்துக் கொடுத்த ஓர் ஆசிரியை. அவருக்கும் 'வாயை மட்டும் அசையும்' என்று சொல்லப்பட்டிருந்தால், அந்த மரத்தின் கீழ் என்ன நடந்திருக்கும்? நல்ல இசைக்கல்வி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதை அளக்க வேண்டிய இடம் மேடை அல்ல, கடைசி வாங்கு.

இது கனவல்ல. ஹங்கேரி நாட்டின் இசையறிஞர் சொல்தான் கொடாய், பெரும் மேதைகளுக்கு எழுதிய அதே பேனாவால் சிறுபிள்ளைகளின் குரற்பயிற்சிக்கும் எழுதினார். பிள்ளை தன் தாய்மொழிப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும், இசை எல்லோருக்கும் உரியது என்பவை அவர் கொள்கைகள். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950இல் தொடங்கிய ஆரம்பப் பாடசாலையில் நாள்தோறும் பாட்டுப் பாடம் நடந்தது. எங்களிடம் தாலாட்டு இல்லையா, கும்மி இல்லையா, தேவாரம் இல்லையா, கூத்துப் பாட்டு இல்லையா?

இனி, சொல்லத் தயங்கிய விடயத்துக்கு வருகிறோம். சென்ற மாதம் எங்களில் மூவர் அதிபரின் அனுமதியோடு சங்கீத அறையைப் பார்க்கப் போனோம். பாதி அறையில் உடைந்த கதிரைகளும் பழைய வினாத்தாட் கட்டுகளும். இரண்டு மிருதங்கம், இரண்டுக்கும் வலந்தலைத் தோல் கிழிந்திருக்கிறது. மூன்று வயலின், ஒன்றுக்குத்தான் நாலு தந்தியும் உண்டு. மண்டபத்துப் பியானோ பூட்டியபடி. ஒரே ஓர் ஆசிரியை, தன்னால் இயன்றதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குரிய ஒன்பது பாடங்களில் ஒன்றாகச் சங்கீதத்தை எடுக்கலாம். ஆனால் எடுப்பவர்கள் வருடாவருடம் குறைகிறார்கள். பரீட்சை நெருங்கினாற் சங்கீதப் பாடவேளை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போய்விடுகிறது.

அதிபர் அவர்களே, இது உங்கள் மீது குறை அல்ல. அந்தப் பாடவேளையைக் கேட்டு வாங்கியவர்கள் பெற்றோர். அந்தப் பெற்றோரில் நாங்களும் இருந்தோம். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் 'போதும், இனிச் சங்கீதத்தை விடு, ரியூசனுக்குப் போ' என்று எங்கள் மகள்மாருக்குச் சொன்னவர்கள் நாங்களேதான்.

நூற்றாண்டு நினைவாக முன்வாசலில் வளைவு ஒன்று கட்டுவதாகச் செயற்குழுவின் திட்டத்தில் இருக்கிறது. வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதற்கு முன் சங்கீத அறையைத் திறந்து துப்புரவாக்குவோம் என்று கேட்கிறோம். மிருதங்கங்களுக்குத் தோல் மாற்றுவோம், வயலின்களுக்குத் தந்தி போடுவோம், பியானோவைச் சுருதி சேர்ப்போம். இவற்றை ஒருமுறை செய்துவிட்டுப் படம் எடுத்துப் போட்டாற் போதாது. தோல் மறுபடி கிழியும், தந்தி மறுபடி அறும். ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்று ஒரு நிதி வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை, எந்த அழகியற் பாடத்தை எடுத்த பிள்ளையானாலும், கிழமைக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாடவேளை வேண்டும். அதற்குத் துணையாசிரியை ஒருவருக்குரிய கொடுப்பனவைச் சங்கம் ஏற்கலாம். தவணைக்கு ஒருமுறை ஒரு நாதஸ்வர வித்துவானையோ ஒரு கூத்து அண்ணாவியாரையோ அழைத்துப் பிள்ளைகள் முன் இருத்தலாம். எங்கள் வகுப்பினர் இந்த வருடத்துக்குச் சேர்த்த பங்களிப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடல் கடந்து இந்த மலரை வாசிக்கப்போகும் தோழியரும் தங்கள் தங்கள் வகுப்போடு பேசிப்பார்க்க வேண்டும்.

ஆசிரியைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். போட்டிக்கு இருபது பேரைத் தெரிவுசெய்யுங்கள், அது தேவைதான். ஆனால் எந்தப் பிள்ளையிடமும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள். கேடயம் ஒன்று குறைந்தால் நாங்கள் யாரும் கேள்வி கேட்க மாட்டோம்.

ரொறன்ரோவிலிருந்து எங்கள் தோழி இந்த விழாவுக்கு வந்திருக்கிறார். ஐந்தாவது வரிசையில் எங்களோடுதான் இருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அது அப்பவே முடிஞ்சுது" என்றார். முடிந்திருந்தால் எங்களிடம் சொல்லியிருக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

நிகழ்ச்சியின் முடிவிற் கல்லூரிக் கீதம் பாடப்போகிறோம். வழக்கமாக அது ஐந்து கட்டையில் தொடங்கும். இன்று ஒரு கட்டை இறக்கித் தொடங்கும்படி சங்கீத ஆசிரியையிடம் கேட்டிருக்கிறோம். வயதாகிவிட்டது, குரல் எட்டாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எல்லோரும் எழுந்து, வாயைத் திறந்து பாடுங்கள்.